20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை: இரட்டைப் பிஸ்டன் நீரடி ஒலிமூலம் ஒன்றைக் கட்டிய பதிவு

கைவசமிருந்த ஹைட்ரோஃபோன்களின் (நீரடி ஒலிவாங்கிகளின்) தாழ் அதிர்வெண் உணர்திறனை ஒப்பிட்டுப் பார்க்க, 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை சீரான அளவில் ஒலி எழுப்பக்கூடிய, 10 மீட்டர் ஆழம் வரை இறக்கக்கூடிய ஒலிமூலம் ஒன்று தேவைப்பட்டது. உரத்த ஒலி வேண்டியதில்லை. எழும் ஒலியின் அளவு முன்கூட்டியே கணக்கிடத்தக்கதாகவும், திரிபு குறைந்ததாகவும் இருந்தால் போதும். இந்தப் பதிவு அந்த ஒலிமூலத்தின் வடிவமைப்பு, கட்டுமானம், அளவீடு ஆகியவற்றைச் சொல்கிறது. வேலையின் பெரும்பகுதி ஒலியோடு அல்லாமல் நிலையான நீரழுத்தத்தோடும், ஒலிமூலத்தின் உடலான மூடிய கலத்துக்குள் அடைபட்ட காற்றோடும்தான் கழிந்தது என்பதால், பதிவும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

முதலில் கணக்கு. நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். ஆகவே 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 15 மீட்டர். அதோடு ஒப்பிட்டால் நாம் கட்டக்கூடிய எதுவும் ஒரு புள்ளியே. அப்படிப்பட்ட சிறு மூலம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் ஒலி பரப்பும். அதன் உருவம் எதுவானாலும், ஒரு மீட்டர் தொலைவில் கிடைக்கும் அழுத்தம் அது நீரைத் தள்ளும் கனஅளவின் முடுக்கத்தை நீரின் அடர்த்தியால் பெருக்கி 4π ஆல் வகுத்த அளவுக்குச் சமம். ஒரு வாட் ஒலித்திறனைத் திசைவேறுபாடின்றிப் பரப்பும் மூலத்தின் அளவு, ஒரு மைக்ரோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்டு, ஒரு மீட்டரில் 170.8 டெசிபெல்; அதாவது ஏறத்தாழ 347 பாஸ்கல். அதை 100 ஹெர்ட்ஸில் பெற 11 கன சென்டிமீட்டர் நீரை (ஆர்.எம்.எஸ். எனும் வர்க்கச் சராசரி அளவில்) முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அதிர்வெண் பாதியானால் இந்தக் கனஅளவு நான்கு மடங்காகும்: 50 ஹெர்ட்ஸில் 44, 20 ஹெர்ட்ஸில் 276 கன சென்டிமீட்டர். தாழ் அதிர்வெண் ஒலிமூலங்கள் பெரியவையாகவும் கனமானவையாகவும் விலை மிகுந்தவையாகவும் இருப்பதற்கு இந்த ஒரு விதியே போதிய காரணம்.

மின்புலத்தில் நீளம் மாறும் அழுத்தமின் பீங்கான் இங்கே உதவாது என்பதும் அதே கணக்கிலிருந்து தெரிகிறது. பி.இசட்.டி. வகைப் பீங்கானைப் பாதுகாப்பான மின்புலத்தில் இயக்கினால் அதன் நீளம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே மாறும். 10 சென்டிமீட்டர் உயர அடுக்கு ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் அசையும். அதன் முனையில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை வைத்தாலும் தள்ளப்படும் நீர் 0.4 கன சென்டிமீட்டரை எட்டாது. 100 ஹெர்ட்ஸில் ஒரு வாட்டுக்கு வேண்டியதில் அது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. நீள்வட்ட ஓட்டுக்குள் அடுக்கைச் செருகி அசைவைப் பெருக்கும் ஃபிளெக்ஸ்டென்ஷனல் வடிவமும், காந்தப்புலத்தில் பெரிதாக நீளும் டெர்ஃபெனால்-டி என்ற உலோகக் கலவையும் உண்டு. ஆனால் அவை தம் ஒத்ததிர்வை (இயல்பாகவே வலுத்து அதிரும் அதிர்வெண்ணை) சுற்றிய குறுகிய பட்டையிலேயே நன்றாக உழைக்கும், எனக்கோ பத்து மடங்கு அகலமான பட்டை வேண்டும். பெரும் சோதனைகளில் வேறு வழிகள் கையாளப்பட்டுள்ளன. 1991 ஜனவரியில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஹேர்ட் தீவருகே 57 ஹெர்ட்ஸில் எழுப்பப்பட்டு பெர்முடா வரை கேட்கப்பட்ட ஒலி, ஹைட்ராலிக் விசையால் இயங்கிய மூலங்களிலிருந்து வந்தது. கடலடி மிதவைகளின் இருப்பிடம் அறியப் பயன்படும் ராஃபோஸ் முறையில், 260 ஹெர்ட்ஸுக்கு இசைவிக்கப்பட்ட நீண்ட குழாய்களே ஒலிமூலங்களாக இருந்துள்ளன. அளவீட்டுக்கென்றால் சுருள் அசையும் வகைதான் நெடுங்காலப் பழக்கம். அமெரிக்கக் கடற்படையின் அளவீட்டு நிலையம் வடிவமைத்த ஜே9, ஜே11 ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. சாதாரண ஒலிபெருக்கியின் காந்தமும் வாய்ஸ் காயிலும் கொண்ட அந்த வழியையே எடுத்துக்கொண்டேன்.

சுருள் வகையின் பெரிய வசதி இது: ஒத்ததிர்வுக்கு மேலே பிஸ்டனின் அசைவை நிறை மட்டுமே கட்டுப்படுத்துவதால், ஒரே மின்னோட்டத்துக்கு முடுக்கமும் ஒன்றே, முடுக்கம் மாறாவிட்டால் அழுத்தமும் மாறாது. ஆகவே துலங்கல், அதாவது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் எழும் ஒலியின் அளவு, தானாகவே தட்டையாக அமைகிறது. பிஸ்டன் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள, 5 மில்லிமீட்டர் தடிமனான அலுமினியத் தட்டு. சுருளோடு சேர்த்து அரைக் கிலோ. அதன் முகத்தோடு ஒட்டிக்கொண்டு அசையும் நீரின் நிறையோ 1.9 கிலோ! தட்டை இன்னும் இலேசாக்க மெனக்கெடுவதில் பயனில்லை என்பது இதிலேயே தெளிவு. தட்டு வளையாமல் இருப்பதே முக்கியம். சுருளின் விசைக்காரணி ஆம்பியருக்கு 15 நியூட்டன். 5 ஆம்பியரில் 75 நியூட்டன் விசை, 2.4 கிலோவை நொடிக்கு நொடி 31 மீட்டர் என்ற அளவில் முடுக்குகிறது. ஒரு மீட்டரில் 78 பாஸ்கல், அதாவது ஒரு பிஸ்டனுக்கு 158 டெசிபெல் கிடைக்க வேண்டும்.

ஒரே பிஸ்டன் இருந்தால் எதிர்விசை முழுவதும் கலத்தைப் பின்னே உதைக்கும், கலம் ஆடும், ஆடும் கலம் தானும் ஒலி பரப்பி முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வேறுபாட்டை உண்டாக்கும். ஆகவே 25 சென்டிமீட்டர் உள்விட்டக் குழாயின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான இரு பிஸ்டன்களை முதுகோடு முதுகாக வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வரும்படி சுருள்களைத் தொடரில் இணைத்தேன். ஒரு பேட்டரி செல்லை முனைகளில் தொட்டாலே இரண்டும் ஒருசேர வெளியேயோ உள்ளேயோ நகர்கின்றனவா என்பது விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். எதிர்விசைகள் குழாயின் சுவருக்குள்ளேயே தம்மைத் தாமே ஈடுசெய்துகொள்கின்றன. தள்ளப்படும் நீர் இருமடங்காவதால் அளவும் 6 டெசிபெல் உயர்ந்து 164 ஆகிறது.

இனி நிலையழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு பிஸ்டன் மீதும் நீர் செலுத்தும் விசை ஏறத்தாழ 3100 நியூட்டன், அதாவது சுமார் 315 கிலோ எடை. சுருளின் விசையோ 75 நியூட்டன். கலத்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெளிநீரின் அழுத்தத்தோடு எப்போதும் இணையாக இருந்தாலன்றி பிஸ்டன் முதல் ஒரு மீட்டருக்குள்ளேயே உள்ளே போய் முட்டிக்கொள்ளும். இதற்கு வழக்கமான தீர்வு, வெளியே ஒரு துவண்ட ரப்பர் பையில் காற்றை வைத்துச் சிறு குழாயால் கலத்தோடு இணைப்பது. ஆழம் கூடும்போது பை சுருங்கி உள்ளே காற்றை அனுப்பும். கலத்தில் காற்றுக்குள்ள இடம் 10 லிட்டர். 10 மீட்டரில் அழுத்தம் இருமடங்கு என்பதால் பை இன்னொரு 10 லிட்டரைத் தர வேண்டும். சிறிது மிச்சம் இருக்கட்டும் என்று 12 லிட்டர் வைத்தேன்.

பை இருந்தால் மட்டும் போதாது, அது எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். துவண்ட பைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம், அந்தக் காற்றின் அடிமட்டத்தில் உள்ள நீரழுத்தத்துக்குச் சமம். பையைக் கலத்துக்குக் கீழே 30 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால், உள்ளழுத்தம் பிஸ்டன் மையத்தின் நீரழுத்தத்தைவிட 2.9 கிலோபாஸ்கல் கூடுதலாக இருந்து, ஒவ்வொரு பிஸ்டனையும் 92 நியூட்டன் விசையோடு வெளியே தள்ளும். விளிம்பு ரப்பரும் ஸ்பைடரும் (சுருளை நடுவில் பிடித்து நிறுத்தும் நெளிதாங்கியும்) சேர்ந்த விறைப்பு மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன். ஆகவே பிஸ்டன் 18 மில்லிமீட்டர் விலக வேண்டியிருக்கும், சுருளுக்கோ இரு பக்கமும் 8 மில்லிமீட்டரே இடம். விலகலை 2 மில்லிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால், பைக்குள் இருக்கும் காற்றின் அடிமட்டம் பிஸ்டன் அச்சிலிருந்து மேலேயோ கீழேயோ 3 சென்டிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. கலத்தை நிமிர்த்தி நிறுத்துவதும் இதே காரணத்தால் ஆகாது: மேல் பிஸ்டனும் கீழ்ப் பிஸ்டனும் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும், ஒன்றுக்குச் சரியான அழுத்தம் மற்றொன்றுக்குத் தவறாகும். அச்சு கிடைமட்டமாகத்தான் இருந்தாக வேண்டும்.

உயரமான பையென்றால், அது காலியாகக் காலியாக அடிமட்டம் மேலேறிக்கொண்டே போகும். அதனால் 30க்கு 40 சென்டிமீட்டர் அளவில், நிரம்பும்போது 5 சென்டிமீட்டரே தடிக்கும் இரு தட்டையான பைகளைக் கலத்தின் இரு பக்கமும் படுக்கையாக வைத்தேன். மிதப்பு விசை பையை மேலே தள்ளும். அதைத் தடுக்க மேலே ஒரு தட்டையான பலகை. பலகையின் கீழ்ப்பரப்பு பிஸ்டன் அச்சுக்கு 2.5 சென்டிமீட்டர் மேலே இருக்கும்படி பொருத்தினால், நிரம்பிய நிலையில் காற்றின் அடிமட்டம் அச்சுக்கு 2.5 சென்டிமீட்டர் கீழேயும், காலியாகும் தறுவாயில் அதே அளவு மேலேயும் நிற்கும். அதாவது முழுப் பயணத்திலும் பிஸ்டன் நடுநிலையிலிருந்து எந்தப் பக்கமும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நகராது. இதைத் தொட்டியிலேயே சோதிக்கலாம்: ஊசியும் அளவுகோலும் கொண்டு பிஸ்டனின் நிலையைப் பார்த்தபடி ஒரு பையின் காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்தால், பிஸ்டன் வெளியிலிருந்து உள்ளே மெல்ல ஊர்ந்து வருவது கண்ணுக்கே தெரியும்.

கலத்தையும் பையையும் இணைக்கும் குழாய் அகலமாக இருந்தால் பிஸ்டன் உள்ளே வரும்போது கலத்துக் காற்று பைக்குள் போய் அதை உப்பவைக்கும். பிஸ்டன் விட்ட இடத்தைப் பை நிரப்பிவிடும். வெளியே ஒலி எழாது. மிகக் குறுகலாக இருந்தாலோ இறக்கும்போது உள்ளழுத்தம் பின்தங்கி, பிஸ்டன் உள்ளே அமுங்கும். 3 மில்லிமீட்டர் உள்விட்டமும் அரை மீட்டர் நீளமும் உள்ள குழாயில், காற்றின் பாகுநிலைத் தடையும் கலத்துக் காற்றின் மீள்மையும் சேர்ந்து வெட்டு அதிர்வெண்ணை (அதற்கு மேல் குழாய் காற்றசைவைக் கடத்தாத எல்லையை) ஒரு ஹெர்ட்ஸ் அருகே வைக்கின்றன. 20 ஹெர்ட்ஸுக்கு அது அடைத்த குழாய்க்குச் சமம். நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வீதம் இறக்கினால் அழுத்தத் தாமதம் நூறு பாஸ்கலைக்கூட எட்டாது.

சட்டகத்தின் மற்ற விவரங்களில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். செங்குத்தாக நிற்கும் 20 சென்டிமீட்டர் தட்டின் மேல்விளிம்பைவிடக் கீழ்விளிம்பில் நீரழுத்தம் 2 கிலோபாஸ்கல் கூடுதல். ஆகவே நடு அழுத்தம் சரியாக ஈடாகியிருந்தாலும் தட்டின் அடிப்பகுதி உள்நோக்கிச் சாயப் பார்க்கும். அந்தத் திருப்புத்திறன் ஏறத்தாழ 0.8 நியூட்டன் மீட்டர். கேட்கச் சிறியதுதான், ஆனால் காந்த இடைவெளியில் சுருளுக்கு இருபுறமும் இருக்கும் மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்தில் உராய்வு ஏற்பட அது போதும். ஒரே ஸ்பைடருக்குப் பதிலாக, சுருளுக்கு முன்னும் பின்னும் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு ஸ்பைடர்களை வைத்ததற்கு இதுவே காரணம். விளிம்பு ரப்பருக்கு 2 மில்லிமீட்டர் நைட்ரைலை அரைவட்ட மடிப்பாக அமைத்து, பிஸ்டன் பக்கமும் குழாய்ப் பக்கமும் வளையம் வைத்துத் திருகாணிகளால் இறுக்கினேன், பசையை நம்பவில்லை.

காற்றில் வைத்துச் சுருளின் மின்மறிப்பை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையை, அளந்தபோது உச்சம் 41 ஹெர்ட்ஸில் வந்தது. கலத்துக் காற்றின் விறைப்பும் ஸ்பைடரின் விறைப்பும் சேர்ந்து அரைக் கிலோ நிறையோடு ஒத்ததிரும் இடம் அது. நீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அதே உச்சம் 19 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. இரண்டு அதிர்வெண்களின் விகிதத்தை வர்க்கப்படுத்தி, ஆழத்தால் சற்றுக் கூடிய காற்றின் விறைப்பைச் சரிசெய்தால், அசையும் மொத்த நிறை கிடைக்கும். ஒட்டிவரும் நீர் ஏறத்தாழ 1.9 கிலோ என்ற முற்கணக்கு அதில் உறுதியாயிற்று. ஒலிமூலத்தைப் பற்றி இவ்வளவு எளிதாக இவ்வளவு பயனுள்ள செய்தியைத் தரும் அளவீடு வேறொன்றில்லை என்பது என் கருத்து; ஹைட்ரோஃபோன்கூட வேண்டாம், ஒரு மின்தடையும் சிக்னல் ஜெனரேட்டரும் மல்டிமீட்டரும் போதும். 10 மீட்டரில் காற்றின் அழுத்தம் இருமடங்காவதால் விறைப்பும் கூடி உச்சம் 25 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. ஆகவே 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழு மின்னோட்டம் கொடுக்கக் கூடாது. ஒத்ததிர்வில் பிஸ்டன் தன் எல்லையைத் தாண்டிவிடும். காற்றில் வைத்துச் சோதிக்கும்போது அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொண்டேன்.

இறுதி அளவீட்டை 20 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள, அலையில்லாத நீர்த்தேக்கத்தில், நங்கூரமிட்ட மிதவை மேடையிலிருந்து செய்தேன். ஹைட்ரோஃபோனை ஒரு மீட்டரில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நீர்ப்பரப்பு ஒலியைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பும். தொலைவில் நேரொலியும் எதிரொலியும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் உள்ள மூலத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தாலோ, எதிரொலி 20 மீட்டர் சுற்றி வருவதால் அதன் பங்கு 5 விழுக்காடுதான். பிழை அரை டெசிபெல்லைத் தாண்டாது. அளவீட்டில் இன்னொரு தொல்லை, கயிறு ஆடுவது. ஹைட்ரோஃபோன் ஒரு சென்டிமீட்டர் மேலும் கீழும் அசைந்தாலே 98 பாஸ்கல் அழுத்தமாற்றம் பதிவாகும், அளக்க வந்த ஒலியோ 155 பாஸ்கல். ஆட்டம் ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே நிகழ்வதால் முன்பெருக்கியில் 5 ஹெர்ட்ஸ் வடிகட்டி அதைக் களைந்துவிட்டது. ஹைட்ரோஃபோனையும் பிஸ்டன் முகங்களையும் சோப்பு நீரால் துடைத்துவிட்டே இறக்கினேன். ஒட்டியிருக்கும் நுண்குமிழிகள் அளவீட்டைக் குலைக்கும்.

பிஸ்டன்களின் உட்பக்கம் ஒவ்வொரு சிறு முடுக்கமானி ஒட்டப்பட்டிருந்தது. அவற்றின் அளவிலிருந்து கணக்கிட்ட அழுத்தமும் ஹைட்ரோஃபோன் காட்டிய அழுத்தமும் 3 மீட்டர் ஆழத்தில் நன்றாகவே ஒத்துப்போயின. 10 மீட்டரில் ஒத்துப்போகவில்லை. முடுக்கமானிகள் தட்டையான கோடு வரைந்தன. ஹைட்ரோஃபோனோ 70 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேட்டையும் அதற்கடுத்து ஒரு பள்ளத்தையும் காட்டியது. பிஸ்டன் செய்யாத ஒலியை அருகில் வேறேதோ செய்கிறது என்பதே இதன் பொருள். அருகில் இருந்தவை பைகள்தாம். நீருக்குள் இருக்கும் எந்தக் காற்றுத் தொகுதியும் குமிழியைப் போலத் தனக்கென ஓர் ஒத்ததிர்வு கொண்டது. வளிமண்டல அழுத்தத்தில் கோளக் குமிழியின் ஆரத்தை மீட்டரில் எடுத்து அதிர்வெண்ணால் பெருக்கினால் ஏறத்தாழ 3.26 வரும் என்பது மின்னார்ட் விதி. 10 மீட்டரில் மொத்தக் காற்று 22 லிட்டரிலிருந்து 11 ஆகச் சுருங்கி, கலத்துக்குப் போக மிஞ்சுவது ஒரு லிட்டர். அதைக் கோளமாகக் கொண்டு, இருமடங்கு அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 74 ஹெர்ட்ஸ். பைகள் இரண்டு, கோள வடிவமும் அவற்றுக்கு இல்லை; எனினும் இடம் ஏறத்தாழ அதுவே. ஆழம் குறைவாக இருந்தபோது பைகள் பெரியவையாக இருந்து அவற்றின் ஒத்ததிர்வு பட்டையின் அடிக்கோட்டருகே ஒதுங்கியிருந்தது, ஆழத்தில் அது பட்டையின் நடுவுக்கு வந்துவிட்டது.

பைகளை நீக்க முடியாது. வெளிநீரின் ஒலியழுத்தம் அவற்றை எட்டாமல் தடுக்கலாம். ஒவ்வொரு பையையும் விறைப்பான அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, பெட்டி முழுவதும் நீர் நிரம்பச் செய்து, வெளிநீரோடு ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் துளையால் இணைத்தேன். துளைக்குள் இருக்கும் நீரின் நிறையும் பைக்காற்றின் மீள்மையும் 10 மீட்டரில் 8 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்கின்றன. 20 ஹெர்ட்ஸுக்கு மேலே துளை மூடிய கதவாகிவிடுகிறது. மெதுவாக இறக்கும்போது உள்ளே வரவேண்டிய நீருக்கு இந்தத் துளை தாராளம். பெட்டியின் மூலைகளில் காற்று தங்கினால் முயற்சி வீண் என்பதால், நீரின் அடியில் வைத்துச் சாய்த்துக் காற்றை வெளியேற்றிய பின்பே மேல் திருகை மூடினேன். மீண்டும் 10 மீட்டரில் அளந்தபோது மேடும் பள்ளமும் மறைந்து, 35 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை முடுக்கமானியின் கணக்கும் ஹைட்ரோஃபோனும் ஒரு டெசிபெல்லுக்குள் ஒத்துவந்தன. 150க்கு மேல் தட்டு வளையத் தொடங்குவதால் மையத்தில் ஒட்டிய முடுக்கமானி தட்டு முழுமைக்கும் சான்றாகாது. அங்கே ஹைட்ரோஃபோனையே நம்ப வேண்டும்.

திறனைப் பற்றி ஒரு சொல். சுருள் ஒன்றுக்கு 6 ஓம் மின்தடை. 5 ஆம்பியரில் இரண்டுக்குமாக 300 வாட் வெப்பமாகிறது. வெளிவரும் ஒலித்திறன் 0.2 வாட். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! பிஸ்டனின் மேல் நீர் சுமத்துவது பெரும்பாலும் நிறைதான், ஆற்றலை எடுத்துச்செல்லும் பகுதி 100 ஹெர்ட்ஸில் அந்த நிறையின் எதிர்ப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். ஒத்ததிர்வைக் கைவிட்டு அகலப் பட்டையைத் தேர்ந்ததற்கு இதுவே விலை, அளவீட்டு வேலைக்கு அதைக் கொடுக்கலாம். சுருளின் வெப்பம் அலுமினியத் தட்டு வழியாக நேரே நீருக்குள் போய்விடுவதால் நீண்ட நேரம் இயக்கினாலும் சுருள் தாங்குகிறது.

நீருக்குள் மின்சாரம் என்பதால் ஆம்ப்ளிஃபயரை மின்கலத்திலிருந்து மட்டுமே இயக்கினேன். அமெரிக்கக் கடற்படையின் தாழ் அதிர்வெண் சோனார் விதிமுறைகளில் பொழுதுபோக்கு மூழ்குநர்களுக்கான எல்லையாக 145 டெசிபெல் வைக்கப்பட்டுள்ளது. 164 டெசிபெல் மூலத்திலிருந்து அந்த அளவு ஏறத்தாழ 9 மீட்டர் தொலைவில்தான் வரும். ஆகவே ஒலி எழும் நேரத்தில் அருகே எவரும் நீரில் இறங்காதபடி ஒருவர் மேடையில் காவலிருந்தார். எடையையும் கவனிக்க வேண்டும்: மேற்பரப்பில் 12 லிட்டராக இருக்கும் பைகள் 10 மீட்டரில் ஒரு லிட்டராகச் சுருங்குவதால், மேலே மெல்ல மூழ்கும்படி ஈயம் கட்டிய அமைப்பு கீழே 11 கிலோ கூடுதலாகக் கயிற்றை இழுக்கும். கயிற்றையும் கப்பியையும் அந்த எடைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது இதை 20 மீட்டருக்குக் கொண்டுபோக, பைகளை 22 லிட்டராக்கி அதே 5 சென்டிமீட்டர் தடிமனுக்குள் அடக்கும் அகலமான பெட்டிகளை வரைந்துகொண்டிருக்கிறேன். அங்கே காற்றின் விறைப்பு மும்மடங்காகி ஒத்ததிர்வு 30 ஹெர்ட்ஸை எட்டும் என்பதால், கீழ் எல்லையும் அதற்கேற்ப உயரும்.